எஞ்சினைப் பலவீனப்படுத்தாமல் அதனோடு ஆடுவது: ஸ்டாக்ஃபிஷ் நிறுவிப் புதுப்பித்த அனுபவம்

ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சினைப் பதிவிறக்கி, சுருக்கப்பட்ட கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் நிரலை இருமுறை சொடுக்கினால் பலகையும் காய்களும் வருவதில்லை. கறுப்புச் சன்னல் ஒன்று திறந்து, பதிப்பின் பெயரை ஒரே வரியில் காட்டிவிட்டு, கட்டளைக்காகக் காத்திருக்கும். ஏதோ பழுது என்று எண்ணிப் பலர் இந்த இடத்திலேயே அதை நீக்கிவிடுகிறார்கள். உண்மையில் எஞ்சின் என்பது யோசிக்கும் பகுதி மட்டுமே. பலகையை வரைவதும், கடிகாரத்தை ஓட்டுவதும், ஆட்டத்தைச் சேமிப்பதும் வேறொரு மென்பொருளின் வேலை. இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு யுசிஐ என்று பெயர். ருடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலெனும் வகுத்து, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த நெறிமுறை அது. இந்தப் பிரிவினை இருப்பதால்தான், கைக்குப் பழகிய பலகையை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்ற முடிகிறது. நான் க்யூட் செஸ் என்ற திறமூலப் பலகையோடு ஸ்டாக்ஃபிஷை இணைத்து ஆடி வருகிறேன். நிறுவுவது, புதிய பதிப்புக்கு மாறுவது, அதற்கு எதிராக உட்கார்ந்து ஆடுவது ஆகிய மூன்றிலும் எனக்குக் கைகொடுத்த முறையை, இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

பதிவிறக்கும் பக்கத்தில் ஒரே பதிப்புக்குப் பல கோப்புகள் இருக்கும். பெயரின் முடிவில் எஸ்எஸ்இ41-பாப்கவுன்ட், ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2 என்று வருபவை, எந்த வகைப் புராசஸருக்காக அந்தக் கோப்பு தொகுக்கப்பட்டது என்பதைச் சொல்கின்றன. புராசஸர் அறியாத கட்டளை ஒன்று கோப்பில் இருந்தால், நிரல் விளக்கம் ஏதும் சொல்லாமல் உடனே மூடிக்கொள்ளும். பழைய கணினியில் ஏவிஎக்ஸ்2 திறக்க மறுத்தால் எஸ்எஸ்இ41 கோப்புக்கு இறங்கினால் போதும். வேகம் குறையுமே தவிர, ஆட்டத்தின் தரத்தில் மனிதர் உணரக்கூடிய வேறுபாடு இராது. ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் முதல் இரண்டு தலைமுறை ஜென் புராசஸர்கள் பிஎம்ஐ2 கோப்பை ஏற்றுக்கொண்டாலும், அதிலுள்ள ஒரு கட்டளையை மிக மெதுவாகவே செய்யும். அவற்றில் ஏவிஎக்ஸ்2 கோப்பே விரைவாக ஓடும்.

பலகையோடு இணைப்பதற்கு முன் எஞ்சினைத் தனியாகச் சோதித்துவிடுவது நல்லது. பின்னால் எங்கே கோளாறு என்று தேடும் வேலை பாதியாகக் குறையும். டெர்மினலில் எஞ்சினைத் திறந்து ‘யுசிஐ’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், தன் பெயரையும், தான் ஏற்கும் அமைப்புகள் அனைத்தையும் வரிசையாகச் சொல்லி ‘யுசிஐஓகே’ என்று முடிக்கும். ‘ஈஸ்ரெடி’ என்று கேட்டால் ‘ரெடிஓகே’ என்று பதில் வரும். மூன்றாவதாக நான் கொடுப்பது ‘பெஞ்ச்’ கட்டளை. எஞ்சினுக்குள்ளேயே பொதிந்திருக்கும் மாதிரி நிலைகளை அது வரிசையாக ஆராய்ந்து, கடைசியில் எடுத்துக்கொண்ட நேரத்தையும், ஆராய்ந்த கணுக்களின் (தேடும்போது எஞ்சின் பார்க்கும் நிலைகளின்) மொத்த எண்ணிக்கையையும், ஒரு நொடிக்கு எத்தனை என்ற வேகத்தையும் தரும். இதில் வேகம் கணினிக்குக் கணினி மாறும்; மொத்த எண்ணிக்கை மாறாது. ஒரே பதிப்பு எந்தக் கணினியில் ஓடினாலும் இந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால், அதை உருவாக்குபவர்கள் ஒவ்வொரு மாற்றத்தோடும் அந்த எண்ணையும் குறித்து வைக்கிறார்கள். எண் பொருந்திவிட்டால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது, சரியாக இயங்குகிறது என்று நம்பலாம்.

பலகையில் எஞ்சினைச் சேர்ப்பது எளிது. அமைப்புகள் பகுதியில் எஞ்சின் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினால், மற்ற விவரங்களைப் பலகையே எஞ்சினிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். லினக்ஸில் மட்டும், அந்தக் கோப்புக்கு இயக்க அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். மாற்ற வேண்டியவை இரண்டுதான். ஸ்டாக்ஃபிஷ் தானாக ஒரு திரெட்டையும் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கீட்டு இழை), ஆராய்ந்த நிலைகளை நினைவில் வைக்கும் 16 எம்பி ஹேஷ் நினைவகத்தையும் மட்டுமே பயன்படுத்தும். ஆராய்ச்சிக்கு இது போதாது. புராசஸரின் கோர்களில் ஒன்றை விட்டுவைத்து மற்றவற்றைத் திரெட்டுகளாகக் கொடுத்து, ரேமில் பிற வேலைகளுக்கு வேண்டியதை ஒதுக்கியது போக ஒரு பகுதியை ஹேஷுக்குத் தரலாம். எதிராளியாக மட்டும் ஆட வைப்பதென்றால் இருப்பதை அப்படியே விட்டுவிடலாம்.

புதிய பதிப்புக்கு மாறும் கட்டத்தைத்தான் பலரும் அலட்சியமாகக் கடக்கிறார்கள். பழைய கோப்பின் மேலேயே புதிய கோப்பை எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பையும் தனிக் கோப்புறையில் வைத்து, பலகையிலும் தனிப் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன். எஞ்சினின் பலம் கூடுவதோடு, நிலையை மதிப்பிட்டு அது சொல்லும் எண்களின் பொருளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது என்பதே காரணம். 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பில் என்என்யுஇ எனப்படும் சிறிய நரம்பியல் வலையமைப்பு நிலையை மதிப்பிடத் தொடங்கியது. ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு உருவாக்கிய உத்தி அது. 2024-இல் வந்த 16.1-ஆம் பதிப்பில், மனிதர்கள் கையால் எழுதிய பழைய மதிப்பீட்டு விதிகள் முற்றிலும் நீக்கப்பட்டன. அதனால் பழைய அமைப்புகளைச் சுமந்துகொண்டிருக்கும் பலகையில் புதிய எஞ்சினை மாட்டினால், என்என்யுஇ-ஐப் பயன்படுத்தவா என்ற பழைய அமைப்பை எஞ்சினுக்கு அனுப்பும்; அப்படி ஓர் அமைப்பே இல்லை என்று எஞ்சின் பதில் சொல்லும். ஆட்டம் அதனால் நிற்காது. ஆனாலும் புதிதாகப் பதிந்து, அமைப்புகளை மறுபடி கொடுப்பதே தூய்மையான வழி.

எண்களின் பொருள் மாறியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2022-இன் இறுதியில் வந்த 15.1-ஆம் பதிப்பு. அதிலிருந்து +1.00 என்ற மதிப்பீடு, அந்த நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்று பொருள்படுமாறு அளவுகோல் திருத்தப்பட்டது. நான் முன்பு ஆராய்ந்து குறித்து வைத்திருந்த ஆட்டங்களைப் புதிய பதிப்பில் திறந்தபோது, பெரிய சாதகமாகத் தெரிந்த நிலைகளின் எண்கள் சுருங்கியிருந்தன. நிலை மோசமாகிவிடவில்லை, அளக்கும் கோல்தான் வேறு. பழைய குறிப்புகளோடு ஒப்பிடும் பழக்கம் உள்ளவர்கள், எந்தப் பதிப்பில் கிடைத்த மதிப்பீடு என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைப்பது அவசியம்.

பலக் கட்டுப்பாட்டுக்கும் இதே நிலைதான். ஸ்டாக்ஃபிஷை ஒரு குறிப்பிட்ட எலோ தரவரிசைக்கு (ஆட்டப் பலத்தைக் காட்டும் எண்ணுக்கு) இறக்கி ஆட வைக்கும் அமைப்பு 15-ஆம் பதிப்பு வரை 1350 முதல் 2850 வரை இருந்தது. 16-ஆம் பதிப்பில் அது 1320 முதல் 3190 வரை என மாறியது. விளிம்புகள் மட்டும் நகரவில்லை, இடையிலுள்ள அளவுகளும் புதிதாகக் கணக்கிடப்பட்டன. ஆகவே பழைய பதிப்பின் 1800-உம் புதிய பதிப்பின் 1800-உம் ஒரே எதிராளி இல்லை. தவிரவும், அந்த எண்கள் எஞ்சின்கள் தமக்குள் ஆடிப் பெறும் தரவரிசையை ஒட்டியவை. போட்டி அரங்கில் மனிதர்கள் பெறும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவரிசையோடு அவற்றை நேராகப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

எதிராக ஆடும் கட்டத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: எஞ்சினைப் பலவீனப்படுத்தி ஆடுவதால் கற்றுக்கொள்ளக் கூடியது மிகக் குறைவு. ஸ்டாக்ஃபிஷில் பலத்தைக் குறைத்தால், அது பின்னணியில் குறைந்தது நான்கு நகர்வுகளையாவது ஆராய்ந்து, அவற்றிலிருந்து ஓரளவு தற்செயலாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இதனால் இருபது நகர்வுகள் வரை ஒரு பெரிய ஆட்டக்காரரைப் போல ஆடிவிட்டு, எந்த நெருக்கடியும் இல்லாத ஒரு நிலையில் குதிரையைச் சும்மா கொடுத்துவிடும். மனிதர்கள் பிழை செய்வது இப்படி இல்லை. நேரம் நெருக்கும்போது, தாக்குதல் ஒரு பக்கம் இருக்கக் கவனம் மறுபக்கம் போகும்போது, பழகிய அமைப்பில் ஒரு சிறு வேறுபாடு வரும்போது மனிதர் தவறுவார். அந்தத் தவறுக்கு வழிவகுக்கும் நெருக்கடியை உருவாக்குவதே ஆட்டத்திறன். தானாக விழும் குதிரையை எடுத்துப் பழகினால் அந்தத் திறன் வளராது.

மனிதரைப் போன்ற எதிராளி வேண்டுமென்றால் மையா என்ற வலையமைப்பை நிறுவுவது மேல். டொரான்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. லீசெஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு, 1100 முதல் 1900 வரையிலான தரவரிசைகளுக்குத் தனித்தனி வலையமைப்புகளைப் பயிற்றுவித்தார்கள். லீலா செஸ் ஜீரோ எஞ்சினை நிறுவி, அதற்குள் மையாவின் கோப்பை ஏற்ற வேண்டும். இங்கே மறக்கக் கூடாத ஒன்று, தேடலை ஒரே கணுவோடு நிறுத்துவது. நேரம் கொடுத்துத் தேட விட்டால் எஞ்சின் முன்னோக்கிக் கணக்கிடத் தொடங்கி, மனிதச் சாயலை இழந்துவிடும். ஒரே கணு என்பதால் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியிலும் நகர்வு உடனுக்குடன் வருகிறது. தொடக்கத்தையும் நடு ஆட்டத்தையும் இதனோடு ஆடுவது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது.

ஆனால் ஸ்டாக்ஃபிஷின் முழுப் பலத்துக்கு எதிராகவும் ஆடலாம், வெல்லவும் செய்யலாம். அதற்கு எஞ்சினை மாற்றாமல் தொடங்கும் நிலையை மாற்ற வேண்டும். க்யூட் செஸ்ஸில் புதிய ஆட்டம் தொடங்கும்போது, காய்கள் நிற்கும் இடங்களைச் சொல்லும், ஃபென் எனப்படும் ஒரு வரிக் குறிப்பை ஒட்டினால் விரும்பிய நிலையிலிருந்தே ஆட்டம் தொடங்கும். நான் அதிகம் ஆடிய நிலை யானை முடிவாட்டத்தின் அடிப்படையான லூசெனா. வெள்ளை ராஜா ஜி8-இல், அதற்கு முன்னால் ஜி7-இல் சிப்பாய், யானை எஃப்1-இல். கறுப்பு ராஜா இ7-இல், யானை எச்2-இல். நகர்வு வெள்ளைக்கு. ராஜா வெளியே வந்தால்தான் சிப்பாய் ராணியாகும். வந்தால் கறுப்பு யானை விடாமல் செக் கொடுக்கும். யானை இ1-இல் செக் கொடுத்துக் கறுப்பு ராஜாவை டி7-க்குத் தள்ளிவிட்டு, அதே யானையை இ4-இல் நிறுத்துவதுதான் தீர்வு. கறுப்பு யானை எச்1-இல் காத்திருக்க, வெள்ளை ராஜா எஃப்7-க்கு வந்து, பிறகு ஒவ்வொரு செக்குக்கும் ஜி6, எஃப்6, ஜி5 என்று இறங்குகிறது. கடைசிச் செக்கை வெள்ளை யானை ஜி4-இல் குறுக்கே வந்து மறைக்கிறது. புத்தகத்தில் படிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். எஞ்சினோ ராஜா எஃப்6-க்கு வந்ததும் செக் கொடுக்காமல், யானையை ஜி2-இல் வைத்துக் காத்திருக்கக் கூடும். அப்போது வெள்ளை யானையை இ5-க்கு ஏற்றி, ஜி5-க்குக் கொண்டுவர வேண்டும். மனப்பாடம் செய்த நகர்வுகள் பயன்படாமல், ஏன் அந்த யானை நான்காம் வரிசைக்கு வந்தது என்ற புரிதல் தேவைப்படும் இடம் இது. முழுப் பலத்தோடு ஆடும் எதிராளிதான் அந்தப் புரிதலைச் சோதிக்க முடியும்.

இந்தப் பயிற்சிக்குத் துணையாக ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி முடிவாட்ட அட்டவணைகளை நிறுவினேன். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய்கள் வரையுள்ள நிலைகளுக்கான முழுத் தொகுதி ஒரு ஜிபி அளவுக்குள் அடங்கிவிடும். ஆறு காய்களுக்கு 150 ஜிபி அளவுக்கு இடம் வேண்டும் என்பதால் அதை நான் நாடவில்லை. ஒவ்வொரு காய்ச் சேர்க்கைக்கும் இரண்டு கோப்புகள் உண்டு: வெற்றியா, தோல்வியா, சமநிலையா என்று சொல்வது ஒன்று; அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எவ்வளவு தொலைவு என்று சொல்வது மற்றொன்று. கோப்புறையின் பாதையை எஞ்சினுக்குக் கொடுத்ததும், கண்டெடுத்த அட்டவணைகளின் எண்ணிக்கையை அது அறிவிக்கும். 145 என்று வந்தால் ஐந்து காய்த் தொகுதி முழுமையாக இருக்கிறது என்று பொருள்; குறைந்தால் பதிவிறக்கம் எங்கோ விடுபட்டிருக்கிறது. ஆடி முடித்த பின் ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கிச் சென்று, வெற்றி எந்த இடத்தில் கைநழுவியது என்பதை ஐயத்துக்கு இடமின்றிப் பார்க்க அட்டவணை உதவுகிறது.

தற்காப்பைப் பழகும்போது மட்டும் அந்தப் பாதையை எஞ்சினிலிருந்து எடுத்துவிட வேண்டும். யானையும் சிப்பாயும் தனி யானைக்கு எதிராக நிற்கும் பிலிடார் நிலையைப் போல, சரியாக ஆடினால் சமநிலையில் முடியும் நிலைகளில், அட்டவணை கையில் உள்ள எஞ்சினுக்குச் சமநிலை தரும் எல்லா நகர்வுகளும் ஒன்றாகவே தெரியலாம்; அப்படியானால் நெருக்கடி எதுவும் கொடுக்காமல் காய்களை மாற்றிக்கொண்டுவிடவும் கூடும். அட்டவணை இல்லாதபோது சிப்பாயின் சாதகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, ராஜாவை இப்பக்கமும் அப்பக்கமும் நகர்த்தித் தற்காப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். சிப்பாய் முன்னேறும்வரை தற்காப்பவர் தன் யானையை ஒரே வரிசையில் வைத்திருந்து, முன்னேறியதும் பின்னாலிருந்து செக் கொடுக்கப் பலகையின் மறுகோடிக்கு இறக்குவது எப்போது என்பது, அப்படி ஆடும்போதுதான் கைக்குப் பழகுகிறது.