கட்டைவிரலைப் பிரித்தெடுப்பது: ஃபிங்கர்ஸ்டைல் புளூஸ், எட்டு வாரக் குறிப்பு

ஃபிங்கர்ஸ்டைல், அதாவது பிக் இல்லாமல் விரல்களாலேயே மீட்டும் முறை, ஒரே கிட்டாரில் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளத்தை நடத்திச் செல்ல, ஆள்காட்டியும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் பாடும். மிசிசிப்பி ஜான் ஹர்ட் போன்ற புளூஸ் கலைஞர்களின் வாசிப்பு இன்றும் ஆட்களை இழுப்பதற்குப் பெரிய காரணம் இந்தப் பிரமைதான். அதை உடைத்துப் பார்த்தால் மிஞ்சுவது, மற்ற விரல்கள் என்ன செய்தாலும் சட்டை செய்யாத ஒரு கட்டைவிரல்.

ஏற்பாடு: 12-53 அளவு (மெல்லியது 0.012, தடித்தது 0.053 அங்குலம்) ஃபாஸ்பர் பிரான்ஸ் கம்பிகள், ஸ்டாண்டர்ட் ட்யூனிங் (வழக்கமான சுருதி), தினம் 20 நிமிடம். கம்பிகளை எண்ணும்போது மெல்லியது முதல் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி. நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அகலம் 44.5 மி.மீ. இருந்தால் விரல்களுக்கு இடம் கிடைக்கும். 43 மி.மீ. நட்டிலும் வாசிக்கலாம், பக்கத்துக் கம்பியில் விரல் இடிப்பது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பெரிய டிரெட்நாட் உடலைவிடச் சிறிய உடல் நல்லது. பேஸ் (தடித்த கம்பிகளின் கீழ்ச்சுரம்) மெலடியை விழுங்காது.

வாரம் 1, 2. கட்டைவிரல் மட்டும். சி கார்ட் பிடித்து 5, 4, 5, 4 என்று கம்பிகளை மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். மெட்ரோனோம் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 60, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கம்பி. உள்ளங்கையின் அடிப்பகுதி சாடிலின் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) ஓரத்தில் படிந்து, தடித்த மூன்று கம்பிகளை லேசாக அமுக்க வேண்டும். சவுண்ட்ஹோல் பக்கம் அரை விரல் நகர்ந்தாலே சுருதி செத்து ‘டொக்’ மட்டும் மிஞ்சும். சாடிலுக்குப் பின்னால் போனால் அமுக்கமே இருக்காது. சரியான இடம் சில மில்லிமீட்டர்தான். பழகியதும் மூன்றாம் தட்டில் மோதிர விரலை ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் உள்ள கட்டை) தாவவிட்டு 5, 4, 6, 4 ஆக்கலாம். அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதற்கு ஒரு சோதனை: வாசித்துக்கொண்டே செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பேச்சோடு சேர்ந்து கட்டைவிரல் தடுமாறினால் இன்னும் ஒரு வாரம் இங்கேயே.

வாரம் 3. முதல் தட்டில் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து கிள்ளுவது: ஐந்தாம் கம்பியும் முதல் கம்பியும். இது எளிது. யாருக்கும் வந்துவிடும், நம்பிவிட வேண்டாம்.

வாரம் 4. இங்கேதான் எல்லாம் உடையும். தட்டுகளுக்கு நடுவே விரல் ஒலிக்க வேண்டும். ஆனால் கைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டியும் சேர்ந்து எதையாவது பிடித்தே பழக்கம். ஒன்று அசைந்தால் மற்றதும் கூடவே வரும், அல்லது மரியாதையாக நின்று வழிவிடும். ஆங்கிலப் பாடங்களில் வரும் ‘ஒன் அண்ட் டூ அண்ட்’ எண்ணிக்கையைவிட நமக்குச் சொல்கட்டு கைகொடுக்கிறது. தகதிமி தகஜுனு: எட்டு எழுத்து, நான்கு தட்டு. த, தி, த, ஜு நான்கும் கட்டைவிரலுக்கு. முதல் த-வில் கிள்ளல். மி-யில் ஆள்காட்டி இரண்டாம் கம்பி. இரண்டாவது க-வில் நடுவிரல் முதல் கம்பி. னு-வில் மீண்டும் ஆள்காட்டி. முதல் க வெறுமை. வாயால் சொல்லிக்கொண்டே 50-இல் தொடங்கி, தவறில்லாமல் பத்து சுற்று வந்தால் 4 கூட்டலாம். வேகமாக ஆரம்பித்தால் தவறுதான் மனப்பாடம் ஆகும்.

வாரம் 5. இதே கோலத்தை ஊசலாட வைப்பது. புளூஸின் ஸ்விங் திஸ்ர நடைக்குப் பக்கத்தில் இருக்கிறது: தகிட என்று சொல்லி, த-வில் கட்டைவிரல், கி-யில் மௌனம், ட-வில் விரல். வேகம் கூடக்கூட இந்த இடைவெளி தானே சுருங்கும். அது இயல்பு, திருத்த வேண்டாம்.

கேட்பதற்கு ஹர்ட்தான் நல்ல ஆசிரியர். 1928-இல் ஓகே (Okeh) இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்துவிட்டு மிசிசிப்பியின் அவலான் கிராமத்தில் விவசாயத்துக்குத் திரும்பியவரை, தன் ஊர் அவலான் என்று அவர் பாடியிருந்த வரியைப் பிடித்துக்கொண்டு 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இசை ஆர்வலர் தேடிக் கண்டுபிடித்தார். 1960-களின் பதிவுகளில் பேஸ் தெளிவாகக் கேட்கும், பயிற்சிக்கு அவைதான் தோது. சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓடவிட்டு, கட்டைவிரலை மட்டும் தொடரலாம்.

வாரம் 6 முதல் 8. ஈ (E) கார்டை ஆதாரமாகக் கொண்ட பன்னிரண்டு பார் புளூஸ் (ஒரு பார் என்பது நான்கு தட்டு), ஒற்றை பேஸ். டெக்ஸஸின் மான்ஸ் லிப்ஸ்கம்ப், பிக் பில் புரூன்ஸி வழி: கம்பி மாறாமல் ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பது. ஈ 4 பார், ஏ 2, ஈ 2, பி7 1, ஏ 1, ஈ 2. ஈ-க்குத் திறந்த ஆறாம் கம்பி, ஏ-க்குத் திறந்த ஐந்தாம் கம்பி, பி7-க்கு ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்.

மேலே இரண்டு அசைவு போதும். மூன்றாம் கம்பியைத் திறந்து மீட்டி, உடனே இடது ஆள்காட்டியால் முதல் ஃபிரெட்டில் சுத்தியல் போல இறக்குவது. ஈ-யை சட்ஜமாக வைத்தால் இது சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவுவது. அடுத்து முதல் கம்பி மூன்றாம் ஃபிரெட்டை இம்மி வளைப்பது: அந்த இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு இடம். புளூஸின் அழுகை அங்கேதான் இருக்கிறது. அரைச் சுரம் முழுதாக வளைத்தால் ராக் ஆகிவிடும்.

எட்டாம் வார முடிவில் 84-இல் ஈ, ஏ இரண்டும் உறுதி. பி7-இல் மட்டும் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ஆறாம் கம்பிக்கே ஓடி, அடியில் ஈ கலங்கலாக ஒலிக்கிறது. ஐந்தாம் கம்பியை அழுத்தும் நடுவிரலின் நுனி ஆறாம் கம்பியைத் தொட்டு ஊமையாக்கினால் சேதம் மறைகிறது; கட்டைவிரல் திருந்தவில்லை. ஒன்பதாம் பாரை மட்டும் தனியே வெட்டியெடுத்து 60-இல் மறுபடி ஓட்ட வேண்டும்.