எங்க டிடிடி சர்வருக்கு ஒரு கல்ட் மோட் பண்ண கதை

ஆள் சேக்குற மெக்கானிக், அதாவது கல்ட்னு ஒரு கும்பல் ஆட்டத்துக்கு நடுவுலயே மத்தவங்கள தன் பக்கம் இழுத்துக்கிறது, எந்த மறைமுகக் கொலையாளி கேம்ல வந்தாலும் கொஞ்ச நாள்ல அந்த கேம் போரடிச்சிடும்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தேன், அப்போ எங்க செட்ல ஒருத்தன் "சும்மா பேசாம நீயே ஒழுங்கா ஒண்ணு பண்ணிக் காட்டு மச்சி"ன்னான், அதுல ஆரம்பிச்சது இது. யாராவது இதே மாதிரி மோட் (கேம நம்ம இஷ்டத்துக்கு மாத்தி எழுதுறது) பண்ணணும்னு நினைச்சா உபயோகப்படும்னு எழுதுறேன். கோட் கம்மியாத்தான் இருக்கும், தலைவலி எல்லாம் டிசைன்லதான் இருந்துச்சு.

நாங்க ஆடுறது கேரிஸ் மோட்ங்கிற பிசி கேம்ல வர்ற டிடிடி, அதாவது ட்ரபிள் இன் டெரரிஸ்ட் டவுன். அமங் அஸ் மட்டும் ஆடினவங்களுக்கு சொல்லணும்னா அதே ஐடியாதான், ஆனா டாஸ்க் கிடையாது, எல்லார் கைலயும் துப்பாக்கி இருக்கும், மீட்டிங் போட்டு ஓட்டெடுப்பு கிடையாது, சந்தேகம் வந்தா சுட வேண்டியதுதான். டீஃபால்ட்டா நாலு பேருக்கு ஒரு ட்ரெய்ட்டர் (மறைஞ்சிருந்து கொல்றவன்), அதனால 12 பேர் வந்தா 3 ட்ரெய்ட்டர், கூட டிடெக்டிவ், அவன் நல்லவன்னு எல்லாருக்கும் தெரியும், மத்தவங்க எல்லாம் இன்னோசென்ட். செத்தவன் உடம்ப செக் பண்ணா அவன் யாரு, எப்படி செத்தான், எவ்வளவு நேரமாச்சுன்னு எல்லாம் தெரியும்.

இந்த வகை கேம் எல்லாத்துக்கும் மூலம் மாஃபியாதான், 1986ல மாஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டில டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கினது. விஷயம் தெரிஞ்ச கொஞ்ச பேர், தெரியாத நிறைய பேர், அவ்வளவுதான் அதோட இன்ஜின். கல்ட் உள்ள வந்த உடனே இது ரெண்டும் உடையுது. கொஞ்ச பேர் நிறைய பேர் ஆயிடுவாங்க, அத விட மோசம், இவ்வளவு நேரம் நீங்க சேத்து வச்ச தகவல் எல்லாம் செல்லாக்காசு ஆயிடும். "இவன் என் கண்ணு முன்னாடி ட்ரெய்ட்டர சுட்டான், இவன நம்பலாம்"ங்கிறது சாதாரண ரவுண்டுல கடைசி வரைக்கும் நிக்கும், கல்ட் ரவுண்டுல ரெண்டு நிமிஷம் கழிச்சு அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல. அப்புறம் எவன் மூளைய உபயோகிச்சு ஆடுவான், எல்லாரும் சும்மா நின்னு சுடுவாங்க.

எதுக்கும் கணக்கு போட்டுப் பாத்துடலாம்னு பாத்தேன். கல்ட்ல சேந்த எல்லாருமே நிமிஷத்துக்கு ஒருத்தர சேக்கலாம்னா 1, 2, 4, 8, மூணே நிமிஷத்துல 12 பேர்ல 8 பேர் அங்க போயிடுவாங்க. தலைவன் மட்டும்தான் சேக்கலாம்னா அஞ்சு நிமிஷத்துல 6 பேர். ரெண்டாவது பரவால்லன்னு தோணும், ஆனா முதல்ல டெஸ்ட் பண்ணது இதத்தான், தலைவன் பின்னாடி வந்து கீபோர்ட்ல ஈ பட்டன அழுத்தினா நீ கல்ட், முடிஞ்சது. ஆடினவங்களுக்கு அது பிடிக்கவே இல்ல. மாத்தப்பட்டவனுக்கு ஒரு ஃபீலும் இல்ல, "சரி, இப்போ நான் இந்த டீமா"ன்னு கேட்டுட்டு போறான். ஒருத்தன் ஓப்பனா சொல்லிட்டான், "கஷ்டப்பட்டு நல்லவன்னு ப்ரூவ் பண்ணி வச்சிருந்தேன்டா, ஒரு பட்டன்ல எல்லாத்தையும் புடுங்கிட்டீங்க"ன்னு. நியாயம்தானே.

அப்புறம் மத்த கேம்ல இத எப்படி சமாளிச்சாங்கன்னு உக்காந்து படிச்சேன். டவுன் ஆஃப் சேலம்ல வாம்பயர் கடிச்சா ஆள் மாறிடுவான், ஆனா நாலு வாம்பயர் இருக்கும்போது கடிச்சா மாத்தாது, கொல்லும். நேரா ஒரு லிமிட். ஸ்பேஸ் ஸ்டேஷன் 13ங்கிற கேம்ல நார்சிங்கிற சாமிய கும்புடுற கல்ட்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. அங்க டிஜி ஸ்டேஷன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் கோட்பேஸ் இருக்கு, அதுல கல்ட்ல சேராம உயிரோட இருக்குறவங்க எண்ணிக்கைல 20 சதவீதத்த கல்ட் தாண்டினா எல்லா கல்ட்டிஸ்ட் கண்ணும் சிவப்பா மின்ன ஆரம்பிச்சிடும், 40 சதவீதம் தாண்டினா தலைக்கு மேல ஒளிவட்டமே வந்துடும், ஒளிய முடியாது. மைண்ட்ஷீல்ட் இம்ப்ளான்ட் போட்ட செக்யூரிட்டி ஆளுங்கள மாத்தவே முடியாது. கடைசில சாமிய கூப்பிடும்போது எந்த இடத்துல கூப்பிடுறாங்கன்னு ஸ்டேஷன் முழுக்க அறிவிப்பு போகும். ஆக கும்பல் வளர வளர மறைவு குறையணும், ஜெயிக்கணும்னா வெளிய வந்தே ஆகணும். தலைய எண்ணி "நாங்கதான் மெஜாரிட்டி, ஜெயிச்சிட்டோம்"னு முடிக்கிறத விட இது எவ்வளவோ மேல். கடைசி சண்டை ஐடியாவ அங்கேருந்துதான் எடுத்தேன்.

தீம் பத்தி ஒரு நாள் முழுக்க டிஸ்கார்ட்ல சண்டை. சாமியார், ஆசிரமம், காவி டிரஸ்னு ஒருத்தன் ஆரம்பிச்சான், சிரிப்பா இருந்துச்சு, ஆனா எங்க செட்ல எல்லா வீட்டு பசங்களும் இருக்காங்க, எவன் நம்பிக்கையையும் கிண்டல் பண்ற மாதிரி போயிடக்கூடாதுன்னு விட்டுட்டோம். கடைசில யாருக்கும் சொந்தமில்லாத ஒண்ண எடுத்தோம், கிணறு. மேப்ல ஒரு இடத்துல பாழுங்கிணறு ஒண்ணு, அத கும்புடுற கும்பல். ஏன் கும்புடுறாங்கன்னு யாருக்கும் தெரியாது, கேக்கவும் கூடாது. கல்ட்ல சேந்தவனுக்கு மட்டும் கிணத்துப் பக்கத்துல போனா மெதுவா தண்ணி சத்தம் கேக்கும். இந்த சவுண்டுக்கு ஒரு மவுசு வந்துச்சு பாருங்க, ரூல் மாத்தினப்போ எவனும் கண்டுக்கல, சவுண்ட ஒரு தடவ எடுத்தப்போ சண்டைக்கு வந்துட்டாங்க.

சரி, மெயின் விஷயத்துக்கு வர்றேன். எங்க கல்ட் ரவுண்டுல ட்ரெய்ட்டர் கிடையாது, கல்ட் தலைவன் ஒருத்தன்தான். பட்டன அழுத்தி மாத்துறதுக்கு பதிலா *கேக்கணும்*னு வச்சோம். தலைவன் யார் பக்கத்துலயாவது நின்னு ஈ பட்டன கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா அந்த ஆளோட ஸ்கிரீன்ல "கிணறு உன்னை அழைக்கிறது, வருகிறாயா?"ன்னு வரும், பதில் சொல்ல 15 செகண்ட். வர்றேன்னா சேந்தான். முடியாதுன்னாலோ பேசாம இருந்தாலோ சேரல, ஆனா இப்போ தலைவன் யாருன்னு அவனுக்கு தெரிஞ்சு போச்சு. தலைவன் கைல ஒரு கத்தி உண்டு, ஒரே குத்து, சத்தம் வராது. மறுத்தவன் கூச்சல் போட்டு ஊரக் கூட்டுறதுக்குள்ள தலைவன் அவன முடிச்சாகணும், இல்லன்னா ஓடணும்.

இது வந்ததுக்கு அப்புறம் கேம் வேற லெவல் ஆயிடுச்சு. ஏன்னா "இவன்தான்டா என்னை கூப்பிட்டான்"னு யார் வேணா பொய் சொல்லலாம்ல. நிஜமா கூப்பிட்டவனே முந்திக்கிட்டு "டேய் இவன் என்னை கிணத்துக்கு கூப்பிடுறான்டா"ன்னு கத்துவான், மறுத்தவன் திருதிருன்னு முழிப்பான், நடுவுல வந்தவன் யார சுடுறதுன்னு தெரியாம நிப்பான். எங்க செட்ல வாயே திறக்காத ஒரு தம்பி இருக்கான், அவன் தலைவனா வந்த ரவுண்டுல இத பண்ணி மூணு பேர காலி பண்ணிட்டான், அதுலேருந்து அவன எவனும் நம்புறதில்ல, நல்லவனா வந்தாலும் முதல் குண்டு அவனுக்குத்தான்.

ஆனா கேட்டா எவன் மாட்டேன்னு சொல்லுவான்? ஜெயிக்கிற பக்கம் போறதுதானே புத்திசாலித்தனம், ஆரம்பத்துல எல்லாரும் கண்ண மூடிட்டு வர்றேன்னு அழுத்தினாங்க. இதுக்குத்தான் பாயிண்ட் கணக்கு கொண்டு வந்தோம். கல்ட் ஜெயிச்சா மொத்தம் 12 பாயிண்ட், உயிரோட இருக்குற உறுப்பினருங்க சமமா பிரிச்சுக்கணும். ஊர் ஜெயிச்சா ஊர்க்காரன் ஒவ்வொருத்தனுக்கும், செத்தவனுக்கும் சேத்து, 2 பாயிண்ட். இப்போ பாருங்க, மூணு பேர் கல்ட்னா ஆளுக்கு 4, நாலு பேர்னா 3, அஞ்சு பேர்னா 2.4, ஆறாவது ஆள் வந்தா எல்லாருக்கும் 2, அதுக்கு அவன் ஊர்லயே இருந்துக்கலாம். தலைவன் செத்தா கும்பல் கலைஞ்சுது, உறுப்பினருக்கு ஒண்ணும் கிடையாது. அதனால கூப்பிட்டப்போ "இவன் எத்தனாவது ஆளா என்னை கூப்பிடுறான்"னு யோசிக்க வேண்டியிருக்கு, அத தலைவன் சொல்லமாட்டான், சொன்னாலும் நம்ப முடியாது. லிமிட்டுன்னு ஒரு ரூல் போடாமலே கும்பல் மூணு நாலோட நின்னுடுது. டவுன் ஆஃப் சேலம் மாதிரி நம்பர் வச்சு தடுக்குறத விட இது எனக்கு பிடிச்சிருக்கு, ஆடுறவனே தடுத்துக்கிறான்.

ஜெயிக்கிறதுக்கு பூஜை. குறைஞ்சது மூணு பேர் கிணத்த சுத்தி 30 செகண்ட் நிக்கணும், நிக்க ஆரம்பிச்ச உடனே மேப் முழுக்க மணி அடிக்கும். எல்லாரும் துப்பாக்கிய தூக்கிட்டு கிணத்துக்கு ஓடி வருவாங்க. நாங்க எதிர்பாக்காத ஒண்ணு இங்கதான் நடந்துச்சு, நாலு பேர் பூஜைல நிக்கும்போது மூணு பேர் போதும்ல, அதனால ஒருத்தன் பக்கத்துல நின்னவன் தலைல சுட்டு தன் பங்க 3லேருந்து 4 ஆக்கிட்டான். டிஸ்கார்ட்ல ஒரே கூச்சல். தடை பண்ணணும்னு பாதி பேர், இதுதான்டா நிஜ கல்ட்னு பாதி பேர். அப்படியே விட்டுட்டோம். இப்போ எவனும் பூஜைல கிணத்த பாத்து நிக்கிறதில்ல, ஒருத்தன ஒருத்தன் பாத்துட்டு நிக்கிறாங்க.

டிடெக்டிவ தலைவன் கூப்பிட முடியாது, மைண்ட்ஷீல்ட் கதைதான். ஊருக்கு நம்ப ஒரு ஆளாவது வேணும், அது கூட இல்லன்னா பேச்சே நடக்காது.

இப்போ கோட் பக்கம். டிடிடியோட ஒரிஜினல் கோட்ல புது ரோல் சேக்குறது தொல்லை, மூணு ரோல்னு நினைச்சு எழுதின இடம் எக்கச்சக்கம். நான் ரோலையே தொடல. கல்ட் ஆளுங்க எல்லாரும் டிடிடி கணக்குல இன்னோசென்ட்தான், யார் கல்ட்ங்கிறது சர்வர்ல ஒரு லுவா டேபிள்ல மட்டும் இருக்கும். இத என்டபிள்யூ பூல்ல (NWBool) வைக்காதீங்க, அது எல்லா பிளேயர் மெஷினுக்கும் போகும், கொஞ்சம் விவரமானவன் ஒரு ஸ்கிரிப்ட் போட்டா யாரு கல்ட்னு மொத்தமா தெரிஞ்சிடும். நெட் மெசேஜா, சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் அனுப்பணும்.

இன்னோசென்ட்னு விட்டதால வால் மாதிரி மூணு பிரச்சனை வந்துச்சு. ஒண்ணு, ட்ரெய்ட்டரே இல்லாத ரவுண்டுனால ஆரம்பிச்ச நொடியே "இன்னோசென்ட் ஜெயிச்சாச்சு"ன்னு முடிஞ்சிடும், அதுக்கு டிடிடிசெக்ஃபார்வின்ங்கிற ஹுக்ல (கேம் கோட் நடுவுல நம்ம கோட் நுழையுற இடம்) பூஜை முடியற வரைக்கும், இல்ல தலைவன் சாகுற வரைக்கும், இல்ல டைம் முடியற வரைக்கும் வின் நன் (WIN_NONE), அதாவது இன்னும் யாரும் ஜெயிக்கலன்னு, ரிட்டர்ன் பண்ணணும். ரெண்டு, கர்மா, அதாவது சொந்தப் பக்கத்து ஆள சுட்டா குறையுற ஒழுக்க மார்க். ஊர்க்காரன் கல்ட்காரன சரியா கண்டுபிடிச்சு சுட்டா கூட கேம் பார்வைல நல்லவன் நல்லவன கொன்னுட்டான், கர்மா 1000லேருந்து இறங்கிட்டே வரும், 450க்கு கீழ போனா ஆட்டோ கிக். அதுக்கும் ஹுக் இருக்கு, டிடிடிகர்மாகிவ்பெனால்டி, சுடப்பட்டவன் கல்ட் டேபிள்ல இருந்தா அதுல ட்ரூ ரிட்டர்ன் பண்ணிடுங்க. மூணு, உடம்ப செக் பண்ணா கல்ட்காரனும் "இன்னோசென்ட்"னே காட்டும். இத சரி பண்ணலாம்னு போனப்போதான் தோணிச்சு, இது பிழையே இல்ல, இப்படியே இருக்கட்டும்னு. ஒரே ஒரு ஐகான் மட்டும் சேத்தேன், கிணத்துப் பக்கம் போயிட்டு வந்தவன் உடம்புல "கை ஈரமா இருக்கு"ன்னு காட்டும். ஊர்க்காரன் சும்மா கிணத்த எட்டிப் பாத்தா கூட கை ஈரமாகும், அதனால அது ஆதாரம்தான், ஆனா முழு ஆதாரம் இல்ல. சந்தேகத்துக்கு தீனி போடுற அளவுக்கு போதும்.

ஹேஸ்ட் மோட ஆஃப் பண்ணிடுங்க. அது 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு சாவுக்கும் அரை நிமிஷம் கூட்டும், கல்ட் ரவுண்டுல ஆரம்பத்துல சாவே கம்மி, பேச்சுதான் ஜாஸ்தி, டைம் ஏறாமலே முடிஞ்சிடும். நாங்க 8 நிமிஷம்னு ஃபிக்ஸ் பண்ணிட்டோம். லொக்கேஷனல் வாய்ஸ் (பக்கத்துல இருக்குறவனுக்குத்தான் குரல் கேக்கும்) கண்டிப்பா ஆன்ல இருக்கணும், டிஸ்கார்ட் கால்ல ஆடினீங்கன்னா வேலைக்கே ஆகாது, கூப்பிட்ட உடனே சிரிச்சுத் தொலைக்கிறவன் எல்லா செட்லயும் ஒருத்தன் இருப்பான். தனியா டெஸ்ட் பண்ணும்போது கன்சோல்ல பாட் (ஆள் இல்லாத டம்மி பிளேயர்) சேத்துக்கலாம், சிலை மாதிரி நிக்கும், ஆனா பாப்அப்புக்கு பதில் சொல்லாதுங்கிறதால எல்லா பாட்டும் மறுத்துட்டதா கணக்காகும், அதுக்குன்னு பாட்டா இருந்தா தானா சேந்துக்கிற மாதிரி ஒரு வரி எழுதி வச்சுக்கோங்க, லைவ்ல போடும்போது எடுத்துடணும்.

எட்டு பேருக்கு கீழ வந்தா இந்த மோட் நிக்காது, மூணு பேர் கல்ட் ஆயிட்டா ஊர்ல ஆளே இல்ல, அன்னிக்கு சாதா டிடிடிதான். மேப் பெருசா இருந்தாலும் கஷ்டம், மணி அடிச்சு 30 செகண்டுல ஓடி வர முடியணும். மைன்கிராஃப்ட் பி5 மேப் எங்களுக்கு நல்லா செட் ஆச்சு, மத்ததுல கிணத்த எங்க வைக்கிறதுன்னு இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.

அப்புறம் எவனும் சொல்லாத ஒரு கேஸ், தலைவன் வீட்ல கரண்ட் போயிட்டா என்ன பண்றது. தலைவன் டிஸ்கனெக்ட் ஆனா கும்பல் கலையுதுன்னு விட்டா உறுப்பினருங்க கொலவெறி ஆயிடுறாங்க, ரவுண்ட கேன்சல் பண்ணா தோக்குற தலைவன் எல்லாம் "கரண்ட் போச்சுடா"ன்னு கெளம்பிடுறான். இப்போதைக்கு முதல்ல சேந்தவன் தலைவன் ஆவான், கத்தியும் அவனுக்கே. அவனும் போயிட்டா அடுத்தவன். ஒரு மழை நாள்ல கத்தி இப்படியே கை மாறி மாறி கடைசி உறுப்பினர் வரைக்கும் போச்சு, அவன் தனியா நின்னு ஊர்க்காரங்க ரெண்டு பேர கெஞ்சிக் கூப்பிட்டு பூஜைய முடிச்சு ஆளுக்கு 4 வாங்கிட்டு போனான்.