லினக்ஸில் பூட்டிய மின்னஞ்சல்

லினக்ஸில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள், மடல்களில் கையொப்பமிடவும் அவற்றை மறையாக்கிப் பூட்டவும் உதவும் எஸ்/மைம் (S/MIME) சான்றிதழ் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம். சான்றிதழ் பெரும்பாலும் பி12 (.p12) கோப்பாகக் கிடைக்கும். உங்களுக்குப் பூட்டி வரும் மடல்களைத் திறக்கும் தனிச்சாவியும் அதற்குள்ளேயே இருக்கும். கணக்கு அமைப்புகளில் மறையாக்கப் பகுதிக்குப் போய், சான்றிதழ் மேலாளரைத் திறந்து, உங்கள் சான்றிதழ்கள் என்ற இடத்தில் அதை இறக்குமதி செய்யுங்கள். கோப்பின் கடவுச்சொல்லைக் கேட்கும். அப்புறம் கையொப்பம், மறையாக்கம் இரண்டுக்கும் அதையே தேர்ந்தெடுத்தால் சரி.

பலரும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். நண்பருக்குப் பூட்டி அனுப்ப உங்கள் சான்றிதழ் மட்டும் போதாது, அவருடையதும் வேண்டும். கையொப்பமிட்ட மடல் ஒன்றை முதலில் அவரை அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய சான்றிதழ் அதிலேயே சேர்ந்து வரும், தண்டர்பேர்ட் எடுத்து வைத்துக்கொள்ளும். இந்த ஒரு மடலைச் சொல்லித்தராமல் விட்டுவிடுவதால்தான் எத்தனையோ பேர் பாதியில் கைவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

தலைப்பு வரி பொதுவாக மறைக்கப்படாது; ரகசியத்தை அங்கே எழுதாதீர்கள். இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன்: சான்றிதழ் காலாவதியானாலும் பழைய பி12 கோப்பை அழித்துவிடாதீர்கள். அந்தச் சாவி போய்விட்டால், அதுவரை உங்களுக்குப் பூட்டி வந்த மடல்களை நீங்களே திறக்க முடியாது.