கடைசியாகப் பரோட்டா எப்போ சாப்பிட்டீங்க?

வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற எண்டோஸ்கோப்பி அறையில் ஸ்டாஃப் நர்ஸாக எனக்கு இது 11-ஆம் வருடம். வாய் மரக்க மருந்து கொடுப்பதற்கு முன்னாலேயே நோயாளியிடம் பேச வேண்டியதைப் பேசிவிடுவேன், அப்புறம் நாக்கு தடித்துப்போய் அவர் சொல்வது அவருக்கே புரியாது. ஓபி சீட்டில் ‘விழுங்கச் சிரமம், ஒரு மாதம்’ என்று இருக்கும். நான் அதை நம்புவதில்லை. “ஐயா, கடைசியாகப் பரோட்டா எப்போ சாப்பிட்டீங்க?” என்று கேட்பேன். அவர் யோசிப்பார், கூட வந்த அம்மாதான் பதில் சொல்வார். “அது ஆடியிலேயே நின்னுடுச்சு சிஸ்டர். தீபாவளிக்குக் கறி வேண்டாம்னுட்டாரு. பொங்கலுக்கப்புறம் சோத்தைக் குழைச்சுத்தான் குடுக்கிறேன்.” சீட்டில் உள்ள ஒரு மாதம், கஞ்சியும் இறங்காமல் போன கணக்கு.

பொய் சொல்கிறார்கள் என்றில்லை. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள, விரிந்துகொடுக்கிற தசைக்குழாய். ஒரு பக்கம் புற்றுக்கட்டி வளர்ந்தால் மறுபக்கம் வழிவிட்டுக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் பாதிக்கு மேல் அடைத்த பிறகுதான் சோறு நிற்பதே தெரியும். அதற்குள் மனுஷனும் கொஞ்சம் கூடுதலாக மென்று, ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பழகியிருப்பார். குடலுக்கு இருப்பதுபோல வெளியுறையும் இதற்குக் கிடையாது, மூச்சுக்குழாய் ஒட்டினாற்போல் பக்கத்திலேயே இருக்கிறது, கட்டி அங்கே பரவத் தடையில்லை. குரல் கம்மி, தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறது என்று யாராவது சொன்னால் எங்களுக்குப் பக்கென்று இருக்கும்.

என் பெரியப்பா விஷயத்தில் நானே கோட்டை விட்டேன். “நெஞ்சுல நிக்குதும்மா” என்று மார்பெலும்பைத் தொட்டுக் காட்டினார். கேஸாக இருக்கும் என்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை அட்டை வாங்கிக் கொடுத்தேன். எரிச்சல் குறைந்தது, அதனாலேயே எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம், மூன்று மாதம் ஓடிப்போனது. அப்புறம் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

எண்டோஸ்கோப்பி செய்தபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். குழாய் மேல் சென்டிமீட்டர் கோடுகள் இருக்கும், முன்பல்லிலிருந்து இரைப்பை வாசல் ஏறக்குறைய 40. அன்று 28-இல் நின்றுவிட்டது. சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய், அதுவே போகவில்லை. திரையில் காலிஃபிளவர் மாதிரி ஒரு சதை, பரிசோதனைக்குச் சதைத்துணுக்கு எடுக்கிற பயாப்ஸி இடுக்கி பட்டதும் ரத்தம் கசிந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பாமல், “ஆறு பீஸ் எடுத்துருவோம் சிஸ்டர்” என்றார்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய், ஸ்குவாமஸ் வகை என்று வந்தது. புகையிலை, வெற்றிலை பாக்கு, சாராயம் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது, இந்தியாவில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பல வருட அமில எதுக்களிப்பும் உடல் பருமனும் கொண்டுவருகிற இன்னொரு வகை, அடினோகார்சினோமா, பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் வரும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் சந்தேகத்துக்குரியதுதான். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சேர்த்தது. குற்றவாளி சூடுதான், டீ இல்லை. ரெண்டு ஆற்று ஆற்றிக் குடித்தால் என்ன குறைந்துவிடும் என்று டீக்கடையில் நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

உள்தோலோடு நிற்கும்போதே பிடித்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிடலாம். அப்படி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடுவேன். பெரியப்பாவின் நுரையீரல் ஆபரேஷனைத் தாங்காது என்றார்கள், கீமோவும் கரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள் (கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் பெயர்). மறுபடி அடைத்தபோது வழியைத் திறந்து வைக்கிற வலைக்குழாய், ஸ்டெண்ட் வைத்தார்கள். மசித்த இட்லி இறங்கியது, சில மாதம்.

கூட வந்தவரிடம் கேட்கும் பழக்கம் எனக்குப் பயாப்ஸி அன்றைக்கு வந்ததுதான். வெளியே பெஞ்சில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். “சித்திரையிலேர்ந்தே மிக்ஸியில அடிச்சுத்தான்டி குடுக்கிறேன்” என்றார். “ஜாரு பிளேடு மழுங்கி, புதுசு மாத்துனேன். நீதான் ஒரு வார்த்தை கேக்கல.”