மெல்லிய ரவையும் பெரிய விலங்கும்

என் தங்கையின் மகன் நோர்வேயில் பிறந்து வளர்ந்தவன். வேட்டைக்காரருக்கென அந்நாடு நடத்தும் பரீட்சையில் இவ்வாண்டு சித்தியடைந்து, வரும் இலையுதிர்காலத்தில் எல்க் வேட்டைக்குப் போகும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறான். எல்க் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. வளர்ந்த ஆண் 400 கிலோவையும் தாண்டும். நமது காட்டின் கொம்பன் மரைகூட அதன் பக்கத்தில் சிறிதாகவே தெரியும். மருமகனோ மெலிந்த உடம்புக்காரன். போதாததற்கு, பனிச்சறுக்கில் விழுந்து வலப்பக்கக் காறை எலும்பை ஒருமுறை முறித்துக்கொண்டவன். ஆகவே சென்ற மாதம் தொலைபேசியில் என்னிடம் இப்படிக் கேட்டான்: "மாமா, தோளுக்கு நோகாத மாதிரி ஒரு சின்ன றைபிள் எடுத்தால் எல்க் விழுமோ, இல்லாட்டி அந்தச் சீவனைக் காயப்படுத்திப் போட்டு நிக்கப் போறனோ?"

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவனுக்கு அன்று சொன்னதையும், பின்னர் யோசித்துச் சேர்த்ததையும் இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். துவக்கு என்ற சொல்லை எழுதும்போதே வன்னியில் வாழும் எங்களுக்கு வேறு நினைவுகள் வந்து முன்னிற்கும் என்பதை அறிவேன். நானும் துவக்கைத் தொட்டுப் பல ஆண்டுகளாகின்றன. ஆயினும் இது காட்டையும் விலங்கையும் பற்றிய கேள்வி. அதற்கு நேர்மையான மறுமொழி உண்டு.

ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடைப்பட்ட காட்டோரத்தில் எங்கள் வயல் இருந்தது. பெரியப்பாவிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு ஒன்றும், அதற்கு முன் அவருடைய தகப்பன் பாவித்த இடியன் ஒன்றும் இருந்தன. இடியனில் மருந்தையும் தும்பையும் கோலால் இடித்து இறுக்கியே வெடி வைக்க வேண்டும். மருந்து சற்றுக் கூடினால் அது நம் தோளையும் இடிக்கும். 1970களின் தொடக்கத்தில், கதிர் முற்றிய ஓர் இரவில், வயலுக்குள் இறங்கிய தனியன் பன்றி ஒன்றின்மீது பரணில் இருந்தபடி நான் எஸ்.ஜி. தோட்டாவால், அதாவது சில பெரிய ஈயச் சன்னங்கள் அடங்கிய தோட்டாவால், வெடி வைத்தேன். தூரம் 60 யாருக்குக் குறையாது. பன்றி ஒருமுறை உறுமிவிட்டுக் காட்டுக்குள் பாய்ந்தது. நாய்கள் விடியும்வரை தேடின. மூன்றாம் நாள், காகங்கள் சுற்றுவதைக் கண்டு, ஒரு மோட்டையின் கரையில் அதைக் கண்டெடுத்தோம்.

பெரியப்பா என்னை ஏசவில்லை. கத்தியை எடுத்து அதன் தோளை அறுத்துக் காட்டினார். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில், தோலின் கீழே, கேடயம் போல ஒரு தடித்த படலம் உண்டு. என் சன்னங்களுள் மூன்று அந்தப் படலத்திலேயே தைத்து நின்றன. ஒன்று மட்டும் வயிற்றில் இறங்கியிருந்தது. அந்த ஒன்றினால்தான் அது மூன்று நாள் வேதனைப்பட்டது. "கிட்டப் போகேலாதவன் வெடி வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அந்தச் சன்னங்கள் ஏன் உள்ளே போகவில்லை என்ற கேள்விக்கு விடை தேடியே பிற்காலத்தில் நான் இவ்விடயத்தை வாசிக்கத் தொடங்கினேன். மருமகனின் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் குழல்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதன் குழலுக்கு அளவான ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வரும் என்பதே அந்த இலக்கத்தின் பொருள். நோர்வேயில் மருமகன் பார்த்து வைத்திருந்த றைபிளின் விட்டமோ 6.5 மில்லிமீற்றர். இதை எங்கள் ஊரில் சொன்னபோது, இளமையில் துவக்குப் பழகிய பெரியவர் ஒருவர், சுண்டுவிரல் நுனியளவும் இல்லாத ரவையால் மாட்டைவிடப் பெரிய விலங்கை எப்படி வீழ்த்துவது என்று உண்மையான கவலையோடு கேட்டார். அவர் துளையின் அகலத்தைப் பார்க்கிறார். ஆனால் உயிர்நிலை இருப்பது ஆழத்தில். ரவை அதுவரை போய்ச் சேர வேண்டும்.

ஆழத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது, ரவையின் நிறை அதன் குறுக்குவெட்டுப் பரப்பின்மீது எவ்வளவாகப் பகிரப்படுகிறது என்பதாகும். பனங்கொட்டையை எறிவதற்கும் அதே நிறையுள்ள ஈட்டியை எறிவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். நான் அன்று வைத்த எஸ்.ஜி. சன்னம் ஒவ்வொன்றும் உருண்டையானது, ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர் விட்டமும் 3.5 கிராம் நிறையும் உடையது. கணக்கிட்டால், பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் பின்னால் சுமார் 63 மில்லிகிராம் ஈயமே நிற்கிறது. 6.5 றைபிளின் 10.1 கிராம் ரவை நீண்டு ஒடுங்கியது. அதில் அதே சதுர மில்லிமீற்றருக்குப் பின்னால் சுமார் 286 மில்லிகிராம் நிற்கிறது. இது நான்கரை மடங்கு. அதிலும் வியப்பு, ஆபிரிக்காவில் எருமைக்கும் யானைக்கும் உரியதென்று 1912 முதல் பெயர்பெற்ற .375 றைபிளின் (இப்படிப் புள்ளியோடு வரும் அளவுகள் அங்குலத்தில்) 19.4 கிராம் ரவையைக் கணக்கிட்டால் 272தான் வருகிறது. அந்தப் பெரிய ரவையைவிட இந்தச் சிறிய ரவை தன் அகலத்துக்கு ஏற்பக் கனமானது. இந்த எண்ணை முதன்முதலில் கணக்கிட்ட இரவில் நான் மூன்று தடவை திரும்பக் கணக்குப் பார்த்தேன்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் தவறான முடிவுக்கே வருவோம். வில்லியம் பெல் என்ற ஸ்கொத்லாந்துக்காரரின் பெயர் இங்கேதான் எப்போதும் இழுக்கப்படும். 1880இல் பிறந்த இவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் மௌசர் றைபிளால், 11.2 கிராம் ரவையால் வீழ்த்தினார். இத்தனை யானைகள் தந்தத்துக்காக மாண்டதை என்னால் மெச்ச முடியாது. நம் காட்டில் யானையோடு சேர்ந்து வாழ்பவன் எவனும் மெச்ச மாட்டான். ஆயினும் அவர் எப்படிச் செய்தார் என்பதை அறிய வேண்டும். யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்துப் பிளந்து, மூளை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறதென்று படித்தார். மிக நெருங்கிச் சென்றார். நுனி விரியாத, முழுதும் கடின உலோக உறை போர்த்த ரவைகளை மட்டுமே பயன்படுத்தினார். அந்த 7 மில்லிமீற்றர் ரவைக்கும் நம் கணக்கின்படி சதுர மில்லிமீற்றருக்கு 274 மில்லிகிராம் வருகிறது; விரியாமல் நேரே சென்றதால் எலும்பைத் துளைத்து மூளையை எட்டியது. பெல்லின் பெயரைச் சொல்லிச் சிறிய துவக்கு வாங்குவோர் அவருடைய ரவையையும் கொண்டிருப்பதில்லை, அவருடைய கையையும் கொண்டிருப்பதில்லை. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375தான் குறைந்த அளவென்று விதித்திருப்பது காரணமின்றியன்று. (இந்தியாவில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பெயர்பெற்ற ஜிம் கோர்பெட்டுக்கு, சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் பரிசளிக்கப்பட்ட ரிக்பி றைபிளும் இதே 7 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு உரியதுதான். ஆனால் புலி மென்தோல் விலங்கு. அது வேறு கணக்கு.)

எல்க் வேட்டைக்கோ நுனி விரியும் ரவைதான் வேண்டும்; நோர்வேச் சட்டமும் அதையே கட்டாயமாக்குகிறது. விலா எலும்புகளுக்குள் புகுந்ததும் ரவை காளான் போல விரிந்து, நுரையீரலில் அகன்ற காயத்தை உண்டாக்கும். விரியும் கணத்திலேயே அதன் குறுக்குவெட்டு பெரிதாகிவிடுவதால், மேலே நான் பெருமையோடு சொன்ன 286 மளமளவென்று குறைகிறது. ஆகவே ரவை எவ்வளவு விரிகிறது, எவ்வளவு நிறையைச் சிதறவிடாமல் வைத்துக்கொள்கிறது என்பது குழல்விட்டத்தைவிட முக்கியமாகிறது. செப்பு உறையும் ஈய உள்ளீடும் பிரியாதபடி ஒட்டவைக்கப்பட்ட ரவையையே வாங்கும்படி மருமகனிடம் வற்புறுத்தினேன். விலை கூட. ஆனால் ஒரு பருவத்தில் விலங்கின்மீது வைக்கப் போவது இரண்டோ மூன்றோ வெடிகள்தான். அதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

அவனுடைய நண்பன் ஒருவன் .243 றைபிளைச் சொல்லியிருந்தான். 1955இல் வந்த தோட்டா அது. தோளுக்கு மிக இதமானது. நானும் ஒரு கணம் சலனப்பட்டேன். ஆனால் அதன் வழக்கமான ரவை 6.5 கிராம். நோர்வேயில் எல்க்குக்கு ரவை 9 கிராமுக்குக் குறையக் கூடாது. 9 முதல் 10 கிராம் வரையான ரவையாயின் 100 மீற்றரில் 2700 யூல் இயக்கசக்தி இருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேற்பட்டதாயின் 2200 யூல் போதும். இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் கருத்தை நான் மதிக்கிறேன்: கனமான ரவைக்குச் சக்தியில் சலுகை கொடுத்திருக்கிறார்கள், ஏனெனில் அது ஆழம் போகும். 6.5இல் 9.1 கிராம் ரவையும் விற்பனைக்கு உண்டு. வேகம் கூடியதென்று இளைஞர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் 2700 என்ற எல்லையை 100 மீற்றரில் எட்டுவது அதற்குக் கடினம். 10.1 கிராம் ரவையோ குழல்வாயில் வினாடிக்கு 780 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால் 3070 யூல் கொண்டிருக்கும்; 100 மீற்றரில் 2200ஐத் தாராளமாகத் தாண்டி நிற்கும். எனவே மெதுவான, கனமான ரவைதான்.

இந்த 6.5 தோட்டாவின் வரலாறும் எனக்குப் பிடித்தது. நோர்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்த காலத்தில் இரு நாட்டுப் படைகளுக்கும் பொதுவாக அமைக்கப்பட்டு, 1894இல் ஏற்கப்பட்டது. 1905இல் இரு நாடுகளும் பிரிந்தன; தோட்டா மட்டும் இரு பக்கத்துக் காடுகளிலும் நின்றுவிட்டது. நான்கைந்து தலைமுறைகளாக எல்க்கை வீழ்த்தி வரும் அளவு அது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் இலங்கையில் யானையும் எருமையும் சுட்ட சாமுவேல் பேக்கர் தூக்கிச் சென்ற துவக்கொன்றின் நிறை 21 இறாத்தல். கரும்மருந்தின் காலம் அது. வேகத்தைக் கூட்ட முடியாததால் குண்டைப் பெருப்பிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1886இல் பிரெஞ்சுப் படை புகையற்ற மருந்தைத் தன் புதிய றைபிளில் கொண்டுவந்த பின்னர்தான் ஒடுங்கிய, நீண்ட, வேகமான ரவை என்பதே இயலுமானதாயிற்று. எங்கள் பெரியவரின் ஐயமும் அந்தக் கரும்மருந்துக் காலத்து அனுபவத்தின் எச்சமே. இடியனைப் பொறுத்தவரை அவர் சொல்வது முற்றிலும் சரி.

இனித் தோள். ரவையின் உந்தமும், பின்னால் பீறிடும் மருந்துவாயுவின் உந்தமும் சேர்ந்தே துவக்கைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. வழமையான நிறையுள்ள றைபிள்களை எடுத்துக் கணக்கிட்டால், .375இன் உதை 6.5இன் உதையைவிட மூன்று மடங்கு அளவில் வருகிறது; பரவலாகப் பாவிக்கப்படும் .308 றைபிள் இரண்டுக்கும் இடையில், 6.5இன் பக்கம் நெருங்கி நிற்கிறது. தோள் நோவது சிறிய விடயம். நோவை எதிர்பார்க்கும் உடம்பு, விசையை அழுத்தும் கணத்துக்கு முன்னரே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிவிடுகிறது. அதுதான் பெரிய விடயம். இடியனால் பழகிய எனக்கு அந்தப் பழக்கம் போக இரண்டு ஆண்டுகள் எடுத்தன. பெரிய ரவை வயிற்றில் பட்டால் அது வயிற்றுக் காயமேயன்றி வேறில்லை. முறிந்து பொருந்திய காறை எலும்பு உள்ளவனுக்கு, தான் அஞ்சாத துவக்கே பெரிய துவக்கு.

மெல்லிய அளவைத் தேர்ந்தவன் அதற்குரிய எல்லைகளையும் ஏற்றாக வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் விலங்கு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கு முடியும் உயரம்: அந்த இடத்தில் இரு நுரையீரலையும் துளைத்துச் செல்ல 6.5 போதும். பின்பக்கத்தைக் காட்டியோ நேர்முகமாகவோ நிற்கும் எல்க்கின் பெரிய எலும்புகளை உடைத்துக்கொண்டு போக அதனை நம்பக் கூடாது; .375 வைத்திருப்பவன் வேண்டுமானால் அதைச் சிந்திக்கட்டும். நூறு மீற்றருக்குள், அசையாமல் நிற்பதை மட்டும். வெடி சரியாகப் பட்டாலும் எல்க் உடனே சரியாது. சில பத்து மீற்றர் நடந்தோ ஓடியோதான் விழும். அதைத் தவறிய வெடி என்று எண்ணிப் பின்னால் துரத்தாமல், நின்ற இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காயப்பட்ட விலங்கைத் தேடப் பயிற்றிய நாயை ஏற்பாடு செய்யாமல் எல்க் வேட்டைக்குப் போக முடியாதென்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைக் கேட்டபோது எனக்கு அந்த மோட்டையின் கரைதான் நினைவுக்கு வந்தது.

இங்குள்ள இளைஞர் எவரேனும் இதை வாசித்து மரைக்கோ மானுக்கோ கணக்குப் போட வேண்டாம். அவை சட்டத்தால் காக்கப்பட்டவை. எஞ்சியிருப்பவை காட்டிலேயே இருக்கட்டும்.

மருமகன் பழைய 6.5 றைபிள் ஒன்றை வாங்கிவிட்டான். பெருவிலங்கு வேட்டைக்குப் போகுமுன் ஒவ்வோர் ஆண்டும் அங்கே 30 பயிற்சி வெடிகள் வைத்து, அதன்பின் ஐந்து வெடிப் பரீட்சையில் தேற வேண்டும். முதல் பத்தின் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். எட்டு என் உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு மட்டும் வலப்பக்கம் கீழே விலகியிருந்தன. அவை கடைசி இரண்டா என்று கேட்டேன். ஓம் என்றான். மிகுதி இருபதையும் ஒரே நாளில் வைக்காமல், நாளுக்கு ஐந்தாக, மேசையை விட்டு எழுந்து முழங்காலில் இருந்தும் கோலில் சாய்ந்து நின்றும் வைக்கும்படி எழுதியிருக்கிறேன்.