வராத கைபேசி எண்

எங்கள் ஊர் ரத்ததானக் குழுவின் கொடையாளர் பட்டியலை பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் எழுதிப் பராமரிப்பது நான். சர்வரில் பிஎச்பியை 7.4 பதிப்பிலிருந்து 8-க்கு மாற்றிய அன்று பக்கமெங்கும் 'அன்டிஃபைன்டு அர்ரே கீ' (கேட்ட பெயரில் மதிப்பு எதுவும் இல்லை) எச்சரிக்கைகள். பழைய பதிப்பில் இது வெறும் 'நோட்டீஸ்' என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். 8-இல் 'வார்னிங்' ஆகிவிட்டது.

படிவத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் பின்னால் அவசர அவசரமாக இரட்டைக் கேள்விக்குறி (??) போட்டு, வராவிட்டால் வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத மதிப்பு) என்று எழுதினேன். பக்கம் சுத்தமானது. அதே வாரம், திருத்தும் படிவத்தில் கைபேசி எண்ணை யாரும் தவறுதலாக மாற்றிவிடக் கூடாதென்று அந்தப் பெட்டியை 'டிசேபிள்டு' (முடக்கப்பட்டது) ஆக்கினேன்.

நான்காம் நாள் இரவு 10.30-க்குக் குழுவின் அண்ணன் ஒருவர் அழைத்தார். "ஓ நெகட்டிவ் ஒருத்தர் இருந்தாரே தம்பி, பேர் இருக்கு, நம்பரைக் காணோமே?"

திறந்து பார்த்தேன். அந்த நான்கு நாளில் முகவரி திருத்திய 14 பேருக்கும் எண் இருந்த இடம் காலி.

டிசேபிள்டு பெட்டியை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. 'ரீட்ஒன்லி' (படிக்க மட்டும்) என்றால் அனுப்பும். வராத எண்ணை என் கேள்விக்குறிகள் வெற்றுச் சரமாக்கின, தரவுத்தளத்தைத் திருத்தும் அப்டேட் கட்டளை அதை நல்ல எண்ணின் மேல் எழுதிவிட்டது. எச்சரிக்கையை அப்படியே விட்டிருந்தால் சர்வரின் பிழைப் பதிவேடான லாகில் அன்றே தெரிந்திருக்கும். பழைய பேக்கப்பைத் தேடி எண்ணை எடுத்துக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ரத்தத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அது சின்ன நேரமில்லை.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். வராத புலத்தை அப்டேட் தொடவே கூடாது. கட்டாயப் புலம் வராவிட்டால் 400 பிழையோடு ('கோரிக்கை சரியில்லை' என்ற பதில்) நிறுத்த வேண்டும். செக்பாக்ஸ் மட்டும் விலக்கு. டிக் செய்யாவிட்டால் அது வராது, வராததே 'இல்லை' என்ற பதில்.

இன்னொரு பழைய பிழையும் அகப்பட்டது. 'இதுவரை எத்தனை முறை கொடுத்தீர்கள்' என்பதற்கு 0 என்று நிரப்பியவர்களை 'எம்ப்டி' (காலியா என்று பார்க்கும்) சோதனை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு '0' என்ற சரமும் காலிதான். முதல்முறை கொடுக்க வந்தவர்களை இத்தனை நாள் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறோம்! இப்போது வெற்றுச் சரத்தோடு மூன்று சமக்குறி (===, அச்சு அசலாக ஒன்றா என்று பார்ப்பது) போட்டு ஒப்பிடுகிறேன்.

சரத்துக்குப் பதில் யாராவது அர்ரே (பல மதிப்புகளின் தொகுப்பு) அனுப்பினால், 8-இல் ஓர இடைவெளிகளை நீக்கும் 'ட்ரிம்' டைப்எரர் (தவறான வகை என்ற பிழை) வீசி அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் 'இஸ்_ஸ்ட்ரிங்' (சரம்தானா) சோதனை.

இப்போதெல்லாம் சர்வரில் ஏற்றும் முன் 'கர்ல்' என்ற, பிரவுசர் இல்லாமலே கோரிக்கை அனுப்பும் கருவி கொண்டு ஒவ்வொரு புலமாக விட்டுவிட்டு அனுப்பிப் பார்க்கிறேன். முதலில் விடுவது கைபேசி எண்ணைத்தான்.