தோலகட்டி வைனும் பனங்கள்ளும்

பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரியும் எங்கள் ஐவரில் ஒருவன் கடந்த பங்குனியில் கனடாவிலிருந்து வந்திருந்தான். நயாகராப் பக்கத்து முந்திரிகை (திராட்சை) தோட்டங்களில் ஆட்கள் இரண்டு மிடறு வைனை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் அதைப் பற்றியே கதைப்பார்கள் என்றும், அப்படியொரு நாளை யாழ்ப்பாணத்திலும் கழிக்க வேண்டும் என்றும் அவன் கேட்டான். வெறிக்கக் குடிப்பதில்லை என்ற ஒரே நிபந்தனையுடன் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம்.

முதலில் உரும்பிராயில் ஒரு தோட்டம். செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வளர்க்கும் முந்திரிகை. பந்தலின் கீழ் குனிந்துதான் நடக்க வேண்டும். கருநீலப் பழமொன்றை நசுக்கிப் பார்த்தேன். சதை வெளிறிய பச்சையாக இருந்தது. நிறமெல்லாம் விரலில் ஒட்டிய தோலில்தான் இருந்தது. சிவப்பு வைனுக்குச் சாற்றைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவது ஏன் என்று அப்போது விளங்கியது.

அங்கிருந்து வசாவிளானை அடுத்த தோலகட்டிக்குப் போனோம். தோமஸ் அடிகளார் 1928 இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் ஆச்சிரமம் அங்கேதான் இருக்கிறது. 1990 இல் அந்தப் பகுதி இடம்பெயர்ந்து, நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கிடந்ததை அறிந்தவர்களுக்கு, அந்த மண்ணில் நின்று ஒரு போத்தலைக் கையில் வாங்குவதே பெரிய விசயம். வைன் இரண்டு போத்தலும், எங்களில் குடிக்காதவனுக்காக நெல்லி ரசம் ஒரு போத்தலும் வாங்கிக்கொண்டோம்.

அந்தக் குடிக்காதவனைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில், “ஒண்டு எடு மச்சான், ஒண்டாலை என்ன வரப்போகுது” என்று அவனது கிளாசில் ஊற்றியவன் நான். அவன் மறுக்க மறுக்க மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சாப்பிடாமலே எழுந்து போனவன் பல மாதங்கள் எங்கள் அழைப்புகளை எடுக்கவில்லை. அதை அவனுடைய கோபம் என்று சொல்லித் திரிந்தேனே தவிர, என்னுடைய பிழை என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.

மத்தியானம் விறாந்தையில் பாயை விரித்து இருந்தோம். கனடாக்காரன் முறையைச் சொல்லித் தந்தான்: வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும், கிளாசைச் சுழற்றி மணக்க வேண்டும், பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். நாங்கள் நால்வரும் இனிப்பு, துவர்ப்பு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தபோது, குடிக்காதவன் என் கிளாசை வாங்கிக் கண்ணை மூடி மணந்தான். “அம்மா அப்பத்துக்குப் புளிக்க வைக்கிற மாவின்ரை மணம் இதுக்கை இருக்கு மச்சான்” என்றான். கிளாசை வாங்கி நானும் மணந்தேன். பழ வாசனைக்குப் பின்னால், மெல்லியதாக, உண்மையிலேயே அது இருந்தது. மாவைப் பொங்க வைப்பதும் சாற்றை வைனாக்குவதும் மதுவம் (ஈஸ்ட்) என்ற அதே நுண்ணுயிர்தானே. எங்கள் வீடுகளில் அப்ப மாவுக்குக் கள்ளு விடுவதும் அதற்காகத்தான். நாக்கு அறிவது சில சுவைகளை மட்டுமே, மிச்சமெல்லாம் மூக்கின் வேலை என்பதை எங்கோ வாசித்திருந்தும், ஒரு மிடறும் குடிக்காத ஒருவன் காட்டித்தான் அதை அறிந்தேன். “அண்டைக்கு நான் செய்தது பிழையடா” என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நெல்லி ரசத்தை எனக்கும் ஊற்றினான்.

பின்னேரம் ஒரு பனங்காணிக்குப் போனோம். கள்ளு இறக்கும் அண்ணை முட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். சுண்ணாம்பு பூசிய முட்டியில் விழுவது புளிக்காமல் கருப்பநீராக நிற்கும் என்றும், பூசாத முட்டியில் துளி விழும்போதே கள்ளாகத் தொடங்கிவிடும் என்றும் சொன்னார். வைனை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். கள்ளோ ஒரு நாள் போனால் காடியாகப் புளித்துவிடும். காலையும் மாலையும் மரமேறும் இந்த மனிதரை முற்றத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு அவர் இறக்கிய கள்ளை மட்டும் உள்ளே எடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவரையும் எங்களோடு இருத்தினோம்.

பனையோலைப் பிளாக்களில் எங்களுக்குக் கள்ளும் அவனுக்குக் கருப்பநீரும் வார்த்தார். ஒரே பனையின் பால், ஒரே ஓலைப் பிளா. அவன் என் பிளாவை வாங்கி மணந்துவிட்டு, “இது காலமை இறக்கினது, இப்பத்தையான் இல்லை” என்றான். அண்ணை சிரித்துத் தலையாட்டினார். நான் பிளாவைத் திருப்பிக் கேட்காமல், அவனுடைய கருப்பநீரில் ஒரு மிடறு குடித்தேன்.